பட்டகத்தின் புறப்பரப்பும் கன அளவும் கணக்கிடுவது எப்படி

பட்டகக் கணக்கு எதுவானாலும் இரண்டு வரிகளில் அடங்கிவிடும்.

கன அளவு = அடிப்பரப்பு × நீளம்

மொத்தப் புறப்பரப்பு = (2 × அடிப்பரப்பு) + (அடிமுகத்தின் சுற்றளவு × நீளம்)

கனச்சதுரத்துக்கு ஒன்று, கனச்செவ்வகத்துக்கு ஒன்று, முக்கோணப் பட்டகத்துக்கு ஒன்று என்று சூத்திரங்களை அடுக்கி மனப்பாடம் செய்தவர்கள், அறுங்கோணமோ ‘ட’ வடிவமோ வந்ததும் திணறிப்போகிறார்கள். அத்தனை சூத்திரங்களும் மேலே உள்ள இரண்டு வரிகளிலிருந்து பிறந்தவைதான். வேலை முழுவதும் அடிமுகம் எது என்று அடையாளம் காண்பதிலும், அதன் பரப்பையும் சுற்றளவையும் பிழையில்லாமல் எடுப்பதிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் பெருக்கல் சின்ன வேலை.

## எது பட்டகம்

ஒரே அளவும் வடிவமும் கொண்ட இரண்டு பலகோணங்கள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே திசை பார்த்து நிற்கின்றன. அவற்றின் ஒத்த முனைகளை நேர்கோடுகளால் இணைக்கிறோம். கிடைக்கும் திண்மம் பட்டகம். அந்த இரண்டு பலகோணங்களும் அடிமுகங்கள், மற்றவை பக்கமுகங்கள். விளிம்புகள் அடிமுகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது நேர்ப்பட்டகம். பக்கமுகங்கள் எல்லாம் செவ்வகங்களாக இருக்கும். சாய்ந்து நின்றால் சாய்பட்டகம். அதற்குத் தனிக் கவனம் வேண்டும், பிறகு பார்ப்போம்.

கையில் இருக்கும் பொருள் பட்டகமா என்று சோதிக்க ஒரு கேள்வி போதும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, அடிமுகத்துக்கு இணையாக எங்கே வெட்டினாலும் அதே வெட்டுமுகம் கிடைக்குமா? கிடைத்தால் பட்டகம். கூம்பகத்தில் கிடைக்காது, மேலே போகப் போகச் சுருங்கும். வாய் அகன்று அடி குறுகிய தொட்டியிலும் கிடைக்காது. உருளையில் கிடைக்கும், ஆனால் அதன் அடி பலகோணம் அல்ல, வட்டம். அதனால் உருளையைப் பட்டகம் என்று சொல்வதில்லை. இருந்தாலும் அடிப்பரப்புக்கு வட்டத்தின் பரப்பையும் சுற்றளவுக்கு வட்டத்தின் சுற்றளவையும் போட்டால் மேற்சொன்ன இரண்டு வரிகளும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

முகங்களை எண்ணிச் சரிபார்க்கவும் வழி உண்டு. அடிமுகத்துக்கு எத்தனை பக்கங்களோ, அதோடு 2 கூட்டினால் முகங்களின் எண்ணிக்கை. 2 ஆல் பெருக்கினால் முனைகள். 3 ஆல் பெருக்கினால் விளிம்புகள். முக்கோணப் பட்டகத்துக்கு 5 முகங்கள், 6 முனைகள், 9 விளிம்புகள். புறப்பரப்பை முகம் முகமாகக் கூட்டுபவர்கள் ஒரு முகத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். இந்த எண்ணிக்கை அதைப் பிடித்துவிடும்.

## அடிமுகம் கீழேதான் இருக்க வேண்டும் என்பதில்லை

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். அடி என்றதும் தரையைத் தொடும் முகத்தைப் பார்க்கிறோம். முக்கோணப் பட்டகத்தைப் படுக்க வைத்தால் தரையைத் தொடுவது ஒரு செவ்வகம். ஆனால் அடிமுகம் முக்கோணம்தான். பட்டகம் நிற்கிறதா, படுத்திருக்கிறதா, சாய்த்து வரையப்பட்டிருக்கிறதா என்பதைப் பொருட்படுத்தாதீர்கள். ஒத்த, இணையான ஒரு சோடி முகங்களைத் தேடுங்கள். மற்ற எல்லா முகங்களும் அந்தச் சோடியைச் சுற்றி வருகின்றனவா என்று பாருங்கள். கனச்செவ்வகத்தில் மட்டும் எந்தச் சோடியை எடுத்தாலும் விடை ஒன்றே.

இரண்டாவது தடுமாற்றம் ‘உயரம்’. முக்கோணப் பட்டகத்தில் உயரம் என்று சொல்லத்தக்கவை இரண்டு: முக்கோணத்தின் உயரம் ஒன்று, இரண்டு அடிமுகங்களுக்கு இடையே உள்ள தூரம் மற்றொன்று. இரண்டையும் உயரம் என்றே எழுதிவைத்தால் பாதிக் கணக்கில் இடம் மாறிவிடும். அதனால் அடிமுகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இங்கே ‘நீளம்’ என்றே சொல்கிறோம், பட்டகம் நிமிர்ந்து நின்றாலும் சரி. ‘உயரம்’ என்பது அடிமுக வடிவத்துக்குள் இருக்கும் உயரம் மட்டும். வினாத்தாளில் வேறு மாதிரி இருந்தாலும், படத்தில் உங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

## கணக்கின் வரிசை

முதலில் எல்லா அளவுகளையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள். அடுத்து அடிமுகத்தை மட்டும் தனியே தாளில் வரைந்து, அதன் எல்லாப் பக்கங்களிலும் அளவு எழுதுங்கள். தெரியாத பக்கம் இருந்தால் இப்போதே கண்டுபிடியுங்கள். பிறகு அடிப்பரப்பு, சுற்றளவு இரண்டையும் கணக்கிட்டுத் தனித்தனி வரியில் எழுதுங்கள். அதன்பின் நீளத்தோடு சேர்த்து இரண்டு சூத்திரங்களிலும் போடுங்கள்.

செங்கோண முக்கோணத்தை அடிமுகமாகக் கொண்ட பட்டகம் ஒன்று. செங்கோணத்தை அடக்கும் பக்கங்கள் 9 செ.மீ, 12 செ.மீ, பட்டக நீளம் 20 செ.மீ. மூன்றாவது பக்கம் தரப்படவில்லை. கன அளவு மட்டும் போதும் என்றால் அது தேவையே இல்லை; புறப்பரப்பு வேண்டுமானால் பிதாகரஸ் தேற்றப்படி 81 + 144 = 225, அதன் வர்க்கமூலம் 15. ஆக, கர்ணம் 15 செ.மீ.

அடிப்பரப்பு = ½ × 9 × 12 = 54 ச.செ.மீ
சுற்றளவு = 9 + 12 + 15 = 36 செ.மீ
கன அளவு = 54 × 20 = 1080 க.செ.மீ
பக்கப்பரப்பு = 36 × 20 = 720 ச.செ.மீ
மொத்தப் புறப்பரப்பு = 720 + 108 = 828 ச.செ.மீ

பக்கப்பரப்பு ஏன் சுற்றளவு × நீளம் ஆகிறது? மூன்று செவ்வகங்கள் 9 × 20, 12 × 20, 15 × 20. எல்லாவற்றுக்கும் 20 பொது. விளிம்பில் வெட்டிப் பிரித்துத் தட்டையாக விரித்தால் மூன்றும் ஒட்டி நின்று 36 × 20 அளவுள்ள ஒரே செவ்வகமாகும். பக்கங்கள் எத்தனை இருந்தாலும், எவ்வளவு ஒழுங்கற்று இருந்தாலும் இதே கதைதான்.

பயிற்சிக்குக் கணக்கு தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 6, 8, 10 முக்கோணத்தின் பரப்பு 24, சுற்றளவும் 24. 5, 12, 13 முக்கோணத்தின் பரப்பு 30, சுற்றளவும் 30. முழு எண் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணங்களில் இப்படி அமைவன இந்த இரண்டு மட்டுமே. ஆனால் பயிற்சிக் கணக்குகளில் அடிக்கடி எடுத்தாளப்படுபவையும் இவைதான். பரப்பையும் சுற்றளவையும் இடம் மாற்றிப் போட்டாலும் விடை சரியாக வந்துவிடும். குழப்பம் இருப்பதே வெளியில் தெரியாது. கற்றுக்கொள்ளும்போது 9, 12, 15 அல்லது 8, 15, 17 எடுங்கள். பின்னதில் பரப்பு 60, சுற்றளவு 40.

## அடிமுகத்தின் பரப்பு எடுப்பது

முக்கோணத்தில் செங்கோணம் இல்லை, உயரமும் தரப்படவில்லை, மூன்று பக்கங்கள் மட்டும் தெரியும் என்றால் ஹீரோன் சூத்திரம். பக்கங்கள் 13, 14, 15 என்று வையுங்கள். சுற்றளவு 42, அதில் பாதி 21. பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6. இப்போது 21 × 8 × 7 × 6 = 7056; வர்க்கமூலம் 84. அடிப்பரப்பு 84 ச.செ.மீ. பட்டக நீளம் 25 செ.மீ என்றால் கன அளவு 2100 க.செ.மீ; மொத்தப் புறப்பரப்பு 42 × 25 + 168 = 1218 ச.செ.மீ. இந்த முறையில் சுற்றளவு முதல் படியிலேயே கிடைத்துவிடுவதால் புறப்பரப்புக்குத் தனி உழைப்பு இல்லை.

சரிவகத்தில் விழும் பிழை வேறு மாதிரி. இணைப்பக்கங்கள் 10 செ.மீ, 22 செ.மீ, அவற்றுக்கு இடையே செங்குத்துத் தூரம் 8 செ.மீ, இருபுறமும் சமமாகச் சாய்ந்த இருசமபக்கச் சரிவகம், பட்டக நீளம் 30 செ.மீ. பரப்பு ½ × (10 + 22) × 8 = 128 ச.செ.மீ. சுற்றளவுக்கு வரும்போது பலர் 10 + 22 + 8 + 8 என்று 48 போட்டுவிடுகிறார்கள். 8 என்பது சரிவகத்தின் உள்ளே ஓடும் தூரம். ஓரத்தில் அப்படி ஒரு பக்கமே இல்லை. சாய்ந்த பக்கத்தைக் கண்டுபிடிக்க, நீண்ட பக்கத்துக்கும் குட்டைப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 12. அதில் பாதி 6 ஒவ்வொரு புறமும் வரும். 36 + 64 = 100, எனவே சாய்ந்த பக்கம் 10 செ.மீ. சுற்றளவு 52 செ.மீ. பக்கப்பரப்பு 1560 ச.செ.மீ, மொத்தம் 1560 + 256 = 1816 ச.செ.மீ. கன அளவு 128 × 30 = 3840 க.செ.மீ. தவறான சுற்றளவைப் போட்டிருந்தால் 120 ச.செ.மீ குறைந்திருக்கும். தகடு வெட்டும் வேலையில் அது சாய்ந்த இரு பக்கங்களிலும் 2 செ.மீ அகலத்துக்குத் திறந்து கிடக்கும் இடைவெளி.

நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க விதி இதுதான். பரப்புக்குச் செங்குத்துத் தூரம், சுற்றளவுக்கு ஓரத்தின் உண்மையான நீளம். இணைகரத்துக்கும் இதுவே பொருந்தும்.

ஒழுங்குப் பலகோணங்களில் பரப்பு = ½ × சுற்றளவு × மையத்திலிருந்து பக்கத்துக்கு வரையும் செங்குத்துத் தூரம். அந்தத் தூரம் தெரியாவிட்டால் பக்கத்தின் வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கலாம்: சமபக்க முக்கோணத்துக்கு 0.433, ஐங்கோணத்துக்கு 1.720, அறுங்கோணத்துக்கு 2.598, எண்கோணத்துக்கு 4.828. பக்கம் 6 செ.மீ உள்ள ஒழுங்கு அறுங்கோணத்தின் பரப்பு 36 × 2.598 = 93.53 ச.செ.மீ. நீளம் 10 செ.மீ என்றால் கன அளவு 935.3 க.செ.மீ, மொத்தப் புறப்பரப்பு 36 × 10 + 2 × 93.53 = 547.06 ச.செ.மீ.

அறுகோணக் கம்பியையோ நட்டையோ நேரில் அளக்கும்போது பக்கத்தை அளப்பது சிரமம், மூலைகள் மழுங்கியிருக்கும். எதிரெதிரான இரண்டு தட்டைப் பக்கங்களுக்கு இடையே வெர்னியர் காலிப்பரை வைத்தால் துல்லியமாகக் கிடைக்கும். அந்தத் தூரத்தின் வர்க்கத்தை 0.866 ஆல் பெருக்கினால் பரப்பு, 3.464 ஆல் அந்தத் தூரத்தைப் பெருக்கினால் சுற்றளவு. மேலே சொன்ன அறுங்கோணத்தில் அந்தத் தூரம் 10.392 செ.மீ. வர்க்கம் 108, 0.866 ஆல் பெருக்க 93.53. ஒத்துப்போகிறது.

## ‘ட’ வடிவமும் ‘ப’ வடிவமும்

கூட்டு வடிவங்களில் பரப்பு எடுக்க இரண்டு வழிகள்: செவ்வகங்களாகப் பிரித்துக் கூட்டுவது, அல்லது பெரிய செவ்வகத்திலிருந்து இல்லாத பகுதியைக் கழிப்பது. பெரும்பாலும் கழிப்பதுதான் விரைவு.

12 × 10 செவ்வகத்தின் ஒரு மூலையில் 7 × 6 வெட்டி எடுத்த ‘ட’ வடிவம். பரப்பு 120 − 42 = 78 ச.செ.மீ. சுற்றளவு? மூலையில் வெட்டினால் சுற்றளவு மாறுவதே இல்லை. இழந்த 7 உள்பக்கத்தில் திரும்ப வருகிறது, இழந்த 6-உம் வருகிறது. ஆகவே 2 × (12 + 10) = 44 செ.மீ. நீளம் 9 செ.மீ என்றால் கன அளவு 702 க.செ.மீ, புறப்பரப்பு 396 + 156 = 552 ச.செ.மீ.

‘ப’ வடிவத்தில் அப்படி இல்லை. ஒரு பக்கத்தின் நடுவில் பள்ளம் வெட்டினால், பள்ளத்தின் அகலம் அடித்தளத்தில் திரும்ப வருகிறது. ஆனால் அதன் ஆழம் இரண்டு புறமும் புதிதாகச் சேர்கிறது. 12 × 10 செவ்வகத்தில் 12 செ.மீ பக்கத்தின் நடுவே 4 அகலம், 6 ஆழப் பள்ளம் என்றால் பரப்பு 96 ஆகக் குறைகிறது, சுற்றளவோ 44 + 12 = 56 ஆகக் கூடுகிறது. பொருள் குறைந்து பக்கப்பரப்பு பெருகுவதற்கு எளிய எடுத்துக்காட்டு இது. வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளில் வரிவரியாகப் பள்ளம் வைப்பதன் காரணமும் இதுவே.

பிரித்துக் கூட்டும் வழியைப் புறப்பரப்புக்கும் பயன்படுத்தினால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். இரண்டு பகுதிகள் ஒட்டும் இடத்தில் ஒட்டும் பரப்பு இரு பகுதிகளிலும் எண்ணப்பட்டிருக்கும். ஆனால் வெளியே தெரியாது. அதை இரண்டு முறை கழிக்க வேண்டும். 4 செ.மீ கனச்சதுரங்கள் இரண்டை ஒட்டினால் 96 + 96 − 2 × 16 = 160 ச.செ.மீ. கன அளவில் இந்தச் சிக்கல் எழாது; 64 + 64 = 128 க.செ.மீ, அவ்வளவே.

உள்ளீடற்ற குழாய்க்கு மூன்று பரப்புகள் உண்டு. வெளிப்புறம் 8 செ.மீ சதுரம், உட்புறம் 6 செ.மீ சதுரம், நீளம் 50 செ.மீ. அடிமுகம் ஒரு சதுர வளையம்: 64 − 36 = 28 ச.செ.மீ. உலோகத்தின் கன அளவு 28 × 50 = 1400 க.செ.மீ. பரப்பில் வெளிப்பக்கம் 32 × 50 = 1600, உட்பக்கம் 24 × 50 = 1200, முனைகள் 2 × 28 = 56; மொத்தம் 2856 ச.செ.மீ. உட்பக்கத்தைக் கழிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. துளை போட்டால் கன அளவு குறையும், ஆனால் உட்சுவர் புறப்பரப்போடு சேரும். வெளியே மட்டும் வண்ணம் பூசுவதாக இருந்தால் 1600 போதும். எதற்காகக் கணக்கிடுகிறோம் என்பதுதான் எந்த முகங்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது.

## எல்லா முகங்களும் வேண்டாத கணக்குகள்

சூத்திரம் தருவது மூடிய திண்மத்தின் பரப்பு. நடைமுறையில் ஒரு முகமாவது விடுபடும்.

முக்கோணக் கூடாரம் ஒன்று. முகப்பின் அகலம் 2.4 மீ, நடு உயரம் 1.6 மீ, நீளம் 3 மீ. சாய்ந்த பக்கம்: அகலத்தில் பாதி 1.2, 1.44 + 2.56 = 4; வர்க்கமூலம் 2 மீ. அடிப்பரப்பு ½ × 2.4 × 1.6 = 1.92 ச.மீ. சுற்றளவு 6.4 மீ. மொத்தப் புறப்பரப்பு 19.2 + 3.84 = 23.04 ச.மீ. தரைவிரிப்பு இல்லாத கூடாரம் என்றால் தரைச் செவ்வகம் 2.4 × 3 = 7.2 கழியும், துணி 15.84 ச.மீ. தைப்பதற்கு வேண்டிய மடிப்பு இதில் இல்லை; அதைத் தனியே சேர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் இடம் 1.92 × 3 = 5.76 க.மீ. கழிப்பது அடிமுகத்தை அல்ல, ஒரு பக்கமுகத்தை என்பதைக் கவனியுங்கள்.

நீச்சல் குளம் இன்னும் நல்ல பயிற்சி, ஏனென்றால் அது பட்டகம் என்பதே பலருக்குத் தோன்றாது. நீளம் 25 மீ, அகலம் 10 மீ. ஒரு முனையில் ஆழம் 1 மீ, மறுமுனையில் 2 மீ. தரை சீராகச் சரிகிறது. அடிமுகம் நீண்ட பக்கச் சுவர். அது ஒரு சரிவகம். இணைப்பக்கங்கள் 1 மீ, 2 மீ. இடைத்தூரம் 25 மீ. பரப்பு ½ × 3 × 25 = 37.5 ச.மீ. பட்டகத்தின் ‘நீளம்’ இங்கே குளத்தின் அகலமான 10 மீ. கன அளவு 375 க.மீ, அதாவது 3,75,000 லிட்டர். நீர்மட்டம் விளிம்புக்கு 20 செ.மீ கீழே நின்றால் ஆழங்கள் 0.8, 1.8 ஆகும், ½ × 2.6 × 25 × 10 = 325 க.மீ. இருபது செ.மீ இறக்கத்தில் 50,000 லிட்டர் வித்தியாசம்.

டைல்ஸ் ஒட்ட வேண்டிய பரப்பு: இரண்டு நீண்ட சுவர்கள் 75 ச.மீ; குட்டைச் சுவர்கள் 10 × 1, 10 × 2; சாய்தரையின் நீளம் 625 + 1 = 626-இன் வர்க்கமூலம், 25.02 மீ, ஆகவே 250.2 ச.மீ. மொத்தம் 355.2 ச.மீ. இங்கே சாய்வு மிகச் சிறியது என்பதால் 25 என்றே எடுத்திருந்தாலும் பெரிய கேடில்லை. ஆழ வித்தியாசம் அதிகமான, குட்டையான குளத்தில் அதே குறுக்குவழி கெடுத்துவிடும்.

## சாய்பட்டகம்

அடுக்கிய தாள்களை ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்த்தால் தாள்களின் எண்ணிக்கை மாறாது. இடம் அடைப்பதும் மாறாது. 17ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணிதர் காவலியேரியின் பெயரில் வழங்கும் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: ஒவ்வோர் உயர மட்டத்திலும் ஒரே வெட்டுப்பரப்பு கொண்ட இரண்டு திண்மங்களுக்குக் கன அளவு ஒன்றே. எனவே சாய்பட்டகத்தின் கன அளவு = அடிப்பரப்பு × அடிமுகங்களுக்கு இடையே உள்ள செங்குத்துத் தூரம். சாய்ந்த விளிம்பின் நீளத்தைப் போட்டால் விடை பெரிதாகிவிடும்.

புறப்பரப்பு மட்டும் இந்தக் கோட்பாட்டுக்குக் கட்டுப்படாது. அடி 10 செ.மீ சதுரம், விளிம்பு நீளம் 20 செ.மீ, சதுரத்தின் ஒரு பக்கத்தின் திசையிலேயே சாய்ந்து தரையோடு 60° கோணம் என்று கொள்வோம். செங்குத்துத் தூரம் 20 × 0.866 = 17.32 செ.மீ; கன அளவு 1732 க.செ.மீ. பக்கமுகங்களில் இரண்டு 10 × 20 செவ்வகங்கள், தலா 200. இரண்டு இணைகரங்கள், தலா 10 × 17.32 = 173.2. பக்கப்பரப்பு 746.4, அடிமுகங்களோடு 946.4 ச.செ.மீ. பொதுவழி ஒன்றும் உண்டு. விளிம்புகளுக்குச் செங்குத்தாக வெட்டினால் கிடைக்கும் வெட்டுமுகத்தின் சுற்றளவை விளிம்பு நீளத்தால் பெருக்கலாம். இங்கே அந்த வெட்டுமுகம் 10 × 8.66 செவ்வகம், சுற்றளவு 37.32; 20 ஆல் பெருக்க அதே 746.4.

## பின்னோக்கிக் கணக்கிடுதல்

கன அளவு தெரிந்து நீளம் வேண்டுமானால் அடிப்பரப்பால் வகுங்கள். புறப்பரப்பு தெரிந்து நீளம் வேண்டுமானால் முதலில் இரண்டு அடிப்பரப்புகளைக் கழித்துவிட்டுச் சுற்றளவால் வகுங்கள். முதல் எடுத்துக்காட்டில் (828 − 108) ÷ 36 = 20. கழிக்காமல் வகுத்தால் 23 வரும்; பொருத்தமான எண்ணாகத் தோன்றும், ஆனால் தவறு. கனச்சதுரத்தின் புறப்பரப்பு 150 ச.செ.மீ என்றால் 6 ஆல் வகுத்து 25, பக்கம் 5, கன அளவு 125 க.செ.மீ.

நீளத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் கன அளவு இரட்டிப்பாகும். புறப்பரப்பு ஆகாது, முனைகள் இரண்டும் அப்படியே இருப்பதால். எல்லா அளவுகளையும் இரட்டிப்பாக்கினால் புறப்பரப்பு 4 மடங்கு, கன அளவு 8 மடங்கு.

## அலகும் தோராயமும்

1 மீ = 100 செ.மீ என்பது யாருக்கும் மறக்காது. 1 ச.மீ = 10,000 ச.செ.மீ, 1 க.மீ = 10,00,000 க.செ.மீ என்பதுதான் மறக்கும். கன அளவைக் கணக்கிட்ட பிறகு 100 ஆல் வகுத்து க.மீ ஆக்குவது பத்தாயிரம் மடங்கு பிழை. அதனால்தான் அலகை முதலிலேயே மாற்றச் சொல்கிறோம். நீளத்தை மாற்றுவது எளிது. லிட்டர் வேண்டுமானால் எல்லாவற்றையும் டெசிமீட்டரில் எடுத்துவிடுங்கள், 1 க.டெ.மீ என்பதே 1 லிட்டர். 40 செ.மீ × 30 செ.மீ × 25 செ.மீ தொட்டி 4 × 3 × 2.5 = 30 லிட்டர். சுவருக்குத் தடிப்பு இருந்தால் கொள்ளளவுக்கு உள் அளவுகளை எடுக்க வேண்டும். வெளி அளவிலிருந்து சுவரின் தடிப்பை அகலத்திலும் நீளத்திலும் இரண்டு முறை கழிக்க வேண்டும். மூடியில்லாத தொட்டியின் உயரத்தில் ஒரு முறை மட்டும்.

6 செ.மீ கனச்சதுரத்துக்குப் புறப்பரப்பும் 216, கன அளவும் 216. ஒன்று ச.செ.மீ, மற்றது க.செ.மீ, ஒப்பிட இடமில்லை. விடையில் அலகு எழுதாதவர்களுக்கு இந்தக் கனச்சதுரத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இடையில் எண்களைச் சுருக்காதீர்கள். √3-ஐ 1.732 என்று எடுத்தால் மேலே பார்த்த அறுங்கோணம் 93.53, 1.7 என்று எடுத்தால் 91.8. நீளத்தோடு பெருக்கும்போது அந்தப் பிழையும் பெருகும். அளவெடுப்பிலும் இப்படித்தான். மூன்று அளவுகளிலும் 1 சதவீதம் கூடுதலாக அளந்தால் பரப்பில் ஏறத்தாழ 2 சதவீதமும் கன அளவில் 3 சதவீதமும் பிழை வரும். 10 செ.மீ கனச்சதுரத்தை 10.1 என்று அளந்தால் 1030.3 க.செ.மீ. குறைந்த அளவு எதுவோ அதை அதிகக் கவனத்தோடு அளக்க வேண்டும், 2 மி.மீ தடிப்புள்ள தகட்டில் 0.1 மி.மீ பிழை என்பது 5 சதவீதம், ஒரு மீட்டர் நீளத்தில் 1 மி.மீ பிழை 0.1 சதவீதம்தான்.

கடைசியாக விடையைச் சோதிக்க, பட்டகத்தை அடக்கும் மிகச் சிறிய கனச்செவ்வகத்தை மனதில் போட்டுப் பாருங்கள். அதைவிடக் கன அளவு கூடக் கூடாது. முக்கோணப் பட்டகம் என்றால் பாதியைத் தாண்டக் கூடாது: 13, 14, 15 முக்கோணத்தை 14 செ.மீ பக்கத்தில் நிறுத்தினால் உயரம் 12; பெட்டி 14 × 12 × 25 = 4200, பாதி 2100. அறுங்கோணம் தன்னை அடக்கும் பெட்டியில் முக்கால் பங்கு நிரப்பும். பெட்டியின் பாதிக்கும் மேலே முக்கோணப் பட்டகம் போய்விட்டால், ½-ஐப் பெருக்க மறந்திருப்பீர்கள். முதலில் அங்கே பாருங்கள்.